படிக்க வேண்டுமென்றால் ராஜினாமா செய்யச் சொல்லும் நிர்வாகத்துக்கு

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும் நர்சிங் சூப்பரின்டெண்டண்ட் அவர்களுக்கும்,

நர்சிங் ஸ்டேஷன் பலகையில் ஒட்டியிருக்கும் உங்கள் சுற்றறிக்கையை எல்லா ஷிஃப்டிலும் எல்லாரும் படித்துவிட்டோம். டிப்ளமோ முடித்து இங்கே வேலை பார்க்கும் செவிலியர் யாராவது பி.எஸ்சி. நர்சிங்கில் சேர விரும்பினால் படிப்பு விடுப்பு கிடையாது, டியூட்டி மாற்றித் தர முடியாது, சேர்ந்தே ஆக வேண்டுமானால் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அதில் இருக்கிறது. காரணம் இரண்டு சொல்லியிருக்கிறீர்கள். ஆள் பற்றாக்குறை ஒன்று. வார்டு வேலைக்கு இப்போதுள்ள தகுதியே போதும் என்பது இன்னொன்று.

முதல் காரணத்தின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும், அந்தப் பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருப்பவர்களே நாங்கள்தான். அதை அப்புறம் பேசலாம். இரண்டாவது காரணத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சுற்றறிக்கை வந்த அதே சமயத்தில் நீங்கள் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிவிப்பில், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் பதவிக்கும் நர்சிங் சூப்பர்வைசர் பதவிக்கும் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. அந்தப் பதவிகளின் வேலையில் பாதியை இத்தனை வருடமாகப் பொறுப்புப்படி கூட இல்லாமல் பார்த்து வந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பிக்கவும் முடியாது, விண்ணப்பிக்கும் தகுதியைத் தேடிக்கொள்ளவும் முடியாது. பட்டம் தேவையில்லை என்றால் அறிவிப்பில் ஏன் கேட்கிறீர்கள்? தேவை என்றால் எங்களை ஏன் தடுக்கிறீர்கள்? இந்த இரண்டு தாள்களிலும் இருப்பது ஒரே கையெழுத்து.

வார்டு வேலைக்கு எது போதும், எது போதாது என்பதை வார்டிலிருந்தே சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த நோயாளியின் நிலை திடீரென்று மோசமானது என்று நாம் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. பல மணி நேரம் முன்பே உடம்பு காட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிடும். அப்படி முதலில் மாறுகிறவற்றில் ஒன்று மூச்சின் வேகம். வார்டு சார்ட்டில் மிக அலட்சியமாக எழுதப்படுவதும் அதுதான். நமது பழைய சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். நாடித் துடிப்பு ஏறியிருக்கும், காய்ச்சல் ஏறியிருக்கும், மூச்சு மட்டும் 18, 20, 18, 20 என்று ஆடாமல் அசையாமல் நிற்கும். முழு நிமிடம் பக்கத்தில் நின்று எண்ணினால் அப்படி ஒரு வரிசை வர வாய்ப்பே இல்லை. இதைச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. இந்த எண் எதற்கு, இது மாறினால் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் ஆழமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மதிப்பெண். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த நோயாளியை அவசரமாக ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

உங்கள் சுற்றறிக்கைக்கு முன்பு, விடுமுறை நாட்களையெல்லாம் வகுப்புக்குக் கொடுத்துப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு சிஸ்டர் எங்கள் வார்டில் இருந்தார். ஒரு நைட் டியூட்டியில் குடல் அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவர். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ஆக்சிஜன் அளவும் மோசமில்லை. அந்த சிஸ்டர் எண்ணிப் பார்த்தபோது மூச்சு 26. டியூட்டி டாக்டருக்கு முதலில் போன் செய்தவர் வேறொருவர். "பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார் டாக்டர்" என்றார். பி.பி. எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார் டாக்டர். அப்புறம் இந்த சிஸ்டர் போன் செய்தார். இப்போது என்ன நிலை, என்ன அறுவை சிகிச்சை, எத்தனையாவது நாள், மாலையிலிருந்து எண்கள் எப்படி ஏறியிருக்கின்றன, வயிற்றுக்குள் கசிவும் செப்சிஸும் (தொற்று முற்றி உடம்பு முழுவதையும் பாதிக்கும் ஆபத்தான நிலை) இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். டாக்டர் வந்தார். சந்தேகம் சரியாக இருந்தது. நோயாளி மறுபடி தியேட்டருக்குப் போனார், பிழைத்தார்.

முதலில் போன் செய்தவருக்கும் ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்திருந்தது. அவருடைய அனுபவம் இந்த சிஸ்டரைவிட அதிகம். அவரிடம் இல்லாதது எதுவென்றால், கண்ணால் பார்த்ததை டாக்டர் மறுக்க முடியாத வாதமாக மாற்றும் பயிற்சி. நிலை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்ற இந்தப் பேசும் முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. அதை ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொடுக்கலாம்தான். ஆனால் அதில் மூன்றாவதாக வரும் மதிப்பீட்டை ஒரு நாளில் கற்றுக்கொடுக்க முடியாது. உடலியலும் நோயியலும் மருந்தியலும் ஊறியிருந்தால்தான் செப்சிஸ் என்ற சொல்லை நடுராத்திரியில் தயங்காமல் சொல்ல வரும்.

இன்னொன்று. வயிற்றுக்கு உணவு செலுத்த மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டால், சிரிஞ்சால் காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபீடிங் தொடங்குவதுதான் எங்களில் பலர் படித்த காலத்து முறை. டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். இங்கிலாந்தின் தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை இந்த முறையை நம்பக் கூடாது என்று 2005-லேயே எச்சரித்தது. டியூப் வழியாக உறிஞ்சிய திரவத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முடியாதபோது எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. நமது வார்டில் காற்றடித்துச் சத்தம் கேட்பது இன்றைக்கும் நடக்கிறது. இதைக் கேள்வி கேட்டவரும் அதே சிஸ்டர்தான். வகுப்பில் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு விமர்சித்து எழுதச் சொன்னார்களாம். அவர் எடுத்துக்கொண்டது இந்த விஷயத்தை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசி, பிஎச் ஸ்ட்ரிப் வாங்கித் தரச் சொல்லி உங்களுக்கு எழுதினோம். பதில் வரவில்லை.

சரி, இதையும் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். அடுத்த வருடம் வேறொரு பழக்கம் தவறு என்று தெரிய வரும். அதைச் சொல்ல யாராவது வரும்வரை நாங்கள் பழையதையே செய்துகொண்டிருப்போம். படுக்கைப் புண் வரப்போகும் இடம் சிவந்திருந்தால் தேய்த்துவிடச் சொல்லி ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அங்கே தேய்க்கவே கூடாது என்கிறார்கள். டிப்ளமோ எங்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தது. அதற்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள், ஐ.வி. போடுவதிலிருந்து கூட்டமான வார்டை ஒற்றை ஆளாகச் சமாளிப்பது வரை அங்கே படித்ததுதான். ஒரு முறை சரியா என்று கேட்பதற்கும், ஓர் ஆய்வை வாசித்து அதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவதற்கும், புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பதற்கும் பட்டப்படிப்பில்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சமூக சுகாதாரம், நிர்வாகம், கற்பித்தல் எல்லாம் அங்கே விரிவாக வருகிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதும், ஒரு ஷிஃப்டில் யாருக்கு எந்த நோயாளி என்று பிரிப்பதும் நாங்கள் தினமும் செய்கிற வேலைதானே. அதையெல்லாம் படிக்காமலே செய்ய வைத்திருக்கிறீர்கள்.

இதெல்லாம் ஒரு வார்டின் கதை என்று ஒதுக்கிவிடலாம் என்பதால் எண்களுக்கு வருகிறேன். 2003-இல் செவிலியர் பணி பற்றி ஆராயும் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு மேல் படித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. 2014-இல் அவர்களும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் சேர்ந்து 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளின் 4,22,730 நோயாளிகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே அதே 10 சதவீதக் கூடுதலுக்கு 7 சதவீதக் குறைவு.

2003 ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. செவிலியரின் சராசரி அனுபவ ஆண்டுகள் தனியாக இறப்பு விகிதத்தை மாற்றியதாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் வார்டில் கழித்தவளுக்கு இதைப் படிக்கக் கசப்பாகத்தான் இருந்தது. அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று நான் இதற்குப் பொருள் கொள்ளவில்லை. அனுபவம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லும் ஆறுதல் அவ்வளவு உறுதியானதல்ல என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை என்று உங்களில் யாராவது சொல்வார். சரியான மறுப்புதான். பட்டதாரிகளை அதிகம் வைத்திருக்கும் மருத்துவமனைகள் வேறு விதங்களிலும் நல்ல மருத்துவமனைகளாக இருக்கலாம். அந்த வேறுபாடுகளில் பலவற்றைக் கணக்கில் எடுத்த பிறகுதான் அவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டம் கட்டாயமில்லாத நாடுகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் இன்றும் பெரும்பாலான செவிலியர் தொழிற்பயிற்சி வழியாகத்தான் வருகிறார்கள். இங்கிலாந்தில் 2013-லிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குப் பட்டப்படிப்பு மட்டும்தான். நியூயார்க் மாநிலம் 2017-இல் கொண்டுவந்த சட்டம், புதிதாக உரிமம் வாங்குகிறவர்கள் 10 ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்றது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தது. அப்படி ஒரு கட்டாயத்தை நான் கேட்கவில்லை. ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருக்கும் மூத்த சிஸ்டரைப் புத்தகப் பையோடு அனுப்புவது நியாயமில்லை. படிக்க நினைப்பவரின் வழியை மறிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த 2014 ஆய்விலேயே உங்களுக்குப் பிடிக்காத ஒரு முடிவும் இருக்கிறது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. ஆக, ஆள் பற்றாக்குறையைக் காட்டிப் படிப்பை மறுப்பது, ஒரு ஓட்டையைக் காட்டி இன்னொரு ஓட்டையை விட்டுவைப்பது போலத்தான். எண்ணிக்கையும் வேண்டும், படிப்பும் வேண்டும்.

இப்போது பற்றாக்குறையைப் பேசலாம். நான் மேலே சொன்ன சிஸ்டர் இப்போது நம்மிடம் இல்லை. படிப்பை முடித்தார், சம்பளத்தில் ஒரு பைசா வித்தியாசம் வரவில்லை, பதவியும் இல்லை, வேறு மருத்துவமனைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார். உள்ளே படிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ராஜினாமா கொடுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் திரும்பி வரவில்லை. அவர்கள் இடத்துக்கு வந்த புதியவர்களுக்கு வார்டு பழகும்வரை மற்றவர்கள்தான் இரட்டைச் சுமை சுமந்தோம். ஒருவரை வாரத்தில் சில நாள் வகுப்புக்கு விடுவதால் வரும் குறை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் ஒரேயடியாகப் போய்விடுவதால் வரும் குறையை வேறு கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். டாக்டர்கள் மாநாட்டுக்கும் மேற்படிப்புக்கும் போகும்போது மாற்று ஏற்பாடு செய்யத் தெரிந்த நிர்வாகம்தானே இது?

நூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பிரச்சினையைப் பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நைட்டிங்கேல் பெயரில் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பள்ளி தொடங்கிய பிறகு, மருத்துவமனையோடு ஒட்டிய பயிற்சிப் பள்ளிகள் எங்கும் பரவின. மாணவிகள் மலிவான வார்டு ஆட்களாக ஆனார்கள். 1923-இல் அமெரிக்காவில் செவிலியர் கல்வி பற்றி வந்த கோல்ட்மார்க் அறிக்கை, வார்டின் தேவைக்காகப் படிப்பு பலி கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் குற்றமாகச் சொன்னது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம் செவிலியர் பள்ளி தொடங்கி, மருத்துவமனையின் தேவைப்படி அல்லாமல் கல்வித் திட்டப்படி பயிற்சியை அமைத்தது. டியூட்டி ரோஸ்டர் முதலில், படிப்பு பிறகு என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பழைய கதையின் தொடர்ச்சி.

சக செவிலியர்களுக்கும் இதே மடலில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதில் எதற்கு, அதே பெட்ஷீட்டைத்தானே மாற்றப் போகிறோம் என்று ஓய்வறையில் பேசுகிறோம். வீடு, குழந்தை, நைட் டியூட்டி, மேலே பரீட்சை என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சுதான் நிர்வாகத்துக்கு வசதியாகப் போகிறது. தீவிர சிகிச்சை, தொற்றுக் கட்டுப்பாடு, கற்பித்தல், முதுநிலை என்று எந்தக் கதவைத் திறக்க நினைத்தாலும் முதல் சாவி இந்தப் பட்டம்தான். முதுகு வலித்து நோயாளியைத் தூக்க முடியாமல் போகும் காலத்தில் வேறு பிரிவுக்கு மாற அது உதவும். படிக்கிறதென்றால் நல்ல இடமாகப் பார்த்துச் சேருங்கள். வருகைப் பதிவும் கட்டணமும் மட்டும் வாங்கிக்கொண்டு காகிதம் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே வாங்கும் பட்டத்தால் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது, சுற்றறிக்கை சொல்வதுதான் சரி என்று ஆகிவிடும்.

நிர்வாகத்திடம் நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். படிப்பில் சேர்வதற்கு ராஜினாமா நிபந்தனை என்ற வரி எந்த வடிவிலும் திரும்ப வரக் கூடாது.

டிப்ளமோ முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு, போஸ்ட் பேசிக் என்றோ பிரிட்ஜ் கோர்ஸ் என்றோ எந்தப் பெயரில் இருந்தாலும், அதற்கு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வார்டிலிருந்தும் குறைந்தது ஒருவரைச் சுழற்சி முறையில் அனுமதியுங்கள். யாரை முதலில் அனுப்புவது என்பதற்கு எழுத்து வடிவில் விதி வேண்டும். கேட்டவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் வேலை வேண்டாம். முழு நேரப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு வேலையைத் தக்கவைத்துக்கொண்டு போகும் விடுப்பு கொடுங்கள். முடித்துவிட்டு நியாயமான காலம் இங்கே வேலை செய்வதாக எழுதிக் கொடுக்க நாங்கள் தயார். அதற்காக அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு வகுப்புக்கும் தேர்வுக்கும் முந்தைய இரவு நைட் டியூட்டி போடாதீர்கள். ரோஸ்டரை மாதத் தொடக்கத்திலேயே கொடுங்கள். கடைசி நேர மாற்றம்தான் பலரைப் படிப்பைப் பாதியில் விட வைக்கிறது. அவர்கள் வகுப்பில் இருக்கும் நாட்களுக்கு மாற்று ஆள் போடுங்கள், மீதிப் பேர் தலையில் கட்டாதீர்கள். இல்லையென்றால் படிக்கப் போகிறவர் மேல் வார்டே கோபப்படும்.

அறிவித்திருக்கும் இரண்டு பதவிகளையும் நிறுத்திவையுங்கள். இங்கே வேலை செய்பவர்களில் படித்துக்கொண்டிருப்பவர்களையும், படிக்க ஒப்புக்கொண்டு பொறுப்பேற்கத் தயாராக இருப்பவர்களையும் முதலில் பரிசீலித்துவிட்டு வெளியே போங்கள். பட்டம் பெற்றவருக்கு ஊதியத்தில் வித்தியாசம் எவ்வளவு என்பதையும் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பிஎச் ஸ்ட்ரிப் கேட்டு வார்டிலிருந்து போன கடிதத்துக்கும் பதில் வேண்டும்.

இந்த மாதம் முடிவதற்குள் செவிலியர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசுங்கள். வார்டுக்கு ஒருவர் என்று பெயர்ப் பட்டியலை நாங்கள் கொடுக்கிறோம். கூட்டத்தை நைட் டியூட்டி முடிந்து வருபவர்களும் கலந்துகொள்ளும் நேரத்தில் வையுங்கள். முடிவு எதுவானாலும், இந்தச் சுற்றறிக்கையை ஒட்டிய அதே பலகையில் எழுத்து மூலம் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி